பரி: ஓட்டமா, ஓடும் குதிரையா?

‘பரி’ என்றால் குதிரை என்று பொருள் சொல்லிவிட்டு அகராதியை மூடிவிடலாம். அது தவறும் ஆகாது. ஆயினும், அந்தச் சொல்லைச் சங்கப் பாட்டுகளில் தேடிப் போகிறவருக்குக் குதிரைக்கு முன்பாக அதன் ஓட்டமே எதிர்ப்படும்.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களை அடுக்கும் பட்டினப்பாலை, கடல்வழியே கப்பலில் வந்த குதிரைகளை ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்’ என்று குறிப்பிடுகிறது. இந்த ஓர் அடியில் பரியும் புரவியும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுமே விலங்கின் பெயர்கள் என்று கொண்டால் தொடர் பொருளற்றுப் போகும். இங்கே புரவி என்பதுதான் விலங்கு. பரி என்பது அதன் செலவு, அதாவது விரைந்த நடை. குதிரையின் கடிய ஓட்டத்தைக் ‘கடும்பரி’ என்று புலவர்கள் அடைமொழியாக்கியதும் இப்பொருளில்தான்.

ஓடுதல், விரைந்து செல்லுதல் என்னும் பொருளுடைய ‘பரி’ என்ற வினையே இதற்கு அடி. தெலுங்கில் ஓட்டத்தைக் குறிக்கும் ‘பருகு’ என்ற சொல்லும் (நம்முடைய ‘நீர் பருகு’ வேறு), கன்னடத்தில் நீர் ஓடுவதைக் குறிக்கும் ‘ஹரி’ என்ற சொல்லும் இதன் உறவினர். பால் ‘ஹாலு’ என்றும் பூ ‘ஹூ’ என்றும் ஆனதைப் போலவே பழங்கன்னடப் ‘பரி’யும் முதலெழுத்து மாறி ‘ஹரி’ ஆயிற்று. ஓட்டத்தின் பெயர் ஓடும் விலங்குக்கு ஆகிவந்ததால் இதைத் தொழிலாகுபெயர் எனலாம். ‘பரிமா’, அதாவது ஓடும் விலங்கு, என்ற தொடரும் இம்மாற்றத்துக்குத் துணை செய்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாணிக்கவாசகர் ‘நரியைக் குதிரைப் பரியாக்கி’ என்று பாடும்போது பொருள் விலங்கின் பக்கம் சாய்ந்துவிட்டது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அதே கதை ‘நரி பரியாக்கிய படலம்’ ஆகிறபோது, குதிரை என்ற துணைச் சொல்லே தேவைப்படவில்லை. பரிமேலழகர் என்ற பெயரிலும், குதிரைமேல் எழுந்தருளிய அழகர் என்று, பரி தனித்தே நின்று குதிரையைக் குறிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர் உரை எழுதிய திருக்குறளில் போர்க்களத்தில் கீழே தள்ளிவிட்டு ஓடும் குதிரை ‘கல்லாமா’ என்றே வருகிறது. ‘பரியது கூர்ங்கோட்டது ஆயினும் யானை’ என்ற 599ஆம் குறளில் வரும் ‘பரியது’ பருத்த உடம்பைச் சொல்கிறதே அன்றிக் குதிரையை அன்று. பரிவு என்பதன் பரி இரக்கம் பற்றியது. பரிகாரம், பரிசோதனை ஆகியவற்றின் பரியோ வடமொழி முன்னொட்டு. எழுத்து ஒன்றாயிருப்பதால் இவற்றையெல்லாம் ஒரே வேரில் கட்டிவைப்பது பிழை.

துரகம், அசுவம் ஆகிய வடசொற்களுக்கு ஈடாக எதை எழுதுவது என்று கேட்டால், உரைநடைக்குக் குதிரையே போதும். அதைப் புதுச்சொல் என்று ஒதுக்க இயலாது. குதிரைமலையை ‘ஊராக் குதிரை’, அதாவது ஏறிச் செலுத்தப்படாத குதிரை, என்று புறநானூறு சொல்விளையாட்டாகச் சுட்டுகிறது. ஆண்குதிரையைச் ‘சேவல்’ என்று வழங்குவதைக்கூடத் தொல்காப்பிய மரபியல் கடியலாகாது, அதாவது விலக்கலாகாது, என்று ஏற்கிறது. ஆனால் துரகம் என்ற சொல்லுக்கு விரைந்து செல்வது என்று பொருள் ஆதலால், பொருளால் அதற்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் பரிதான். செய்யுளில் அதையே தேர்வேன்.

அன்றாடப் பேச்சில் பரி இன்று இல்லை. அறிவியல் தமிழில் மட்டும் ஓரிடத்தில் அது நிலைத்திருக்கிறது: தமிழகத்தார் குதிரைத்திறன் என்று எழுதும் அளவையை இலங்கைத் தமிழர் ‘பரிவலு’ என்கிறார்கள். ஒரு பரிவலு ஏறத்தாழ 746 உவாற்று (வாட்).