ஓபியாய்டு இழப்பீட்டுப் பணம்: கணக்கு கேட்பது யார்?

அமெரிக்காவின் வட கரோலினாவில் கவுண்டிகளின், அதாவது மாவட்டம் போன்ற உள்ளூர் அரசுகளின், வரவு செலவைத் தணிக்கை செய்வது என் தொழில். சில ஆண்டுகளாக அந்தப் பேரேடுகளில் புதிதாக ஒரு நிதி சேர்ந்திருக்கிறது. மருந்து கம்பெனிகளும் மொத்த விற்பனையாளர்களும் மருந்துக்கடைகளும் வழக்குகளைத் தீர்த்துக்கொள்வதற்காகக் கட்டும் ஓபியாய்டு இழப்பீட்டு நிதி அது. ஓபியாய்டு என்பது அபின் போன்று வேலை செய்யும், போதைக்கு அடிமையாக்கக்கூடிய வலி மருந்து வகை. என் வேலை என்னவென்று தெரிந்ததும் கேரி, மாரிஸ்வில் பக்கத்து நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பணமெல்லாம் கடைசியில் எங்கேதான் போகுது?" போலீஸ் கார் வாங்கத்தான் போகிறது என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். போலீஸ் கார் வாங்கிய ஊர்களும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும். ஏனென்றால் பணம் தேசிய அளவில் பேசி வாங்கப்பட்டது. அந்தப் பணத்துக்கான காவலை அந்தந்த மாநிலமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

பணம் வந்த கதை தெரிந்ததுதான். 1996ல் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை கடைக்கு வந்தது. வலி மாத்திரைகளைத் தாராளமாக எழுதிக்கொடுத்தார்கள்; பழகிப்போனவர்கள் ஹெராயினுக்கும் பிறகு அதைவிட வீரியமான ஃபென்டனைலுக்கும் நகர்ந்தார்கள். கவுண்டிகளும் நகரங்களும் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டன. 2021 ஜூலையில் முதல் பெரிய உடன்பாடு அறிவிக்கப்பட்டது. மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்ஜன் என்ற மூன்று மொத்த விற்பனையாளர்களும் 18 ஆண்டுகளில் 2,100 கோடி டாலர் வரை, ஜான்சன் அண்ட் ஜான்சன் 500 கோடி டாலர் வரை. அப்புறம் டேவா, அலர்கன், சிவிஎஸ், வால்கிரீன்ஸ், வால்மார்ட் எல்லாம் வரிசையில் வந்தன. ஆக்சிகான்டினைத் தயாரித்த பர்டூ ஃபார்மாவின் முதல் இழப்பீட்டுத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் நிராகரிக்க, 2025ல் 740 கோடி டாலருக்குப் புதிய உடன்பாடு உருவானது. எல்லாம் சேர்த்தால் 5,000 கோடி டாலருக்கு மேல். இதில் வட கரோலினாவின் பங்கு சுமார் 150 கோடி. 2038 வரை தவணை தவணையாக வரும்.

இந்தப் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோர் மனதிலும் 1998 இருந்தது. அந்த ஆண்டு 46 மாநிலங்கள் சிகரெட் கம்பெனிகளோடு உடன்பாடு செய்துகொண்டன. முதல் 25 ஆண்டுகளில் மட்டும் 20,600 கோடி டாலர். எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இல்லை. பல மாநிலங்கள் வரப்போகும் தவணைகளைக் காட்டிப் பத்திரம் விற்று, பட்ஜெட் ஓட்டையை அடைத்தன. புகையிலை விளைகிற எங்கள் மாநிலத்திலோ பங்கில் பாதி கோல்டன் லீஃப் என்ற அறக்கட்டளைக்குப் போனது. புகையிலையை நம்பியிருந்த ஊர்களின் பொருளாதாரத்தைத் தூக்கிவிடுவது அதன் நோக்கம். அது தப்பான நோக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிகரெட்டால் நுரையீரல் போனவருக்கு அதில் என்ன கிடைத்தது?

அதனால் இந்த முறை ஒரு வேலி போட்டார்கள். குறைந்தது 85 சதவீதம் ஓபியாய்டு பாதிப்பைச் சரிசெய்யவே செலவாக வேண்டும். எதெல்லாம் அதில் அடங்கும் என்று நீண்ட பட்டியலும் இணைத்தார்கள். வேலியில் இரண்டு பெரிய இடைவெளிகள் விட்டுப்போயின. முதலாவது, தேசிய ஒப்பந்தம் கட்டாயமாகக் கேட்கும் அறிக்கை, பாதிப்பைச் சரிசெய்வதற்கு அல்லாமல் வேறு எதற்காவது செலவழித்த பணத்தைப் பற்றி மட்டுமே. சரியான வழியில் செலவழித்தேன் என்று ஒரு மாநிலம் சொல்லிவிட்டால், எப்படி என்று காட்டும்படி அந்த ஒப்பந்தம் கேட்காது. இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. கவுண்டி ஏற்கெனவே தன் வரிப்பணத்தில் ஒரு போதை சிகிச்சை மையம் நடத்திவருகிறது என்று வையுங்கள். அந்தச் செலவை இழப்பீட்டுப் பணத்துக்கு மாற்றிவிட்டு, மிச்சமாகும் வரிப்பணத்தில் சாலை போட்டால் தேசிய ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இல்லை. தாளில் எல்லாம் சுத்தமாக இருக்கும். சிகிச்சை பெறுபவர்களின் எண்ணிக்கையில் ஒருவர்கூடக் கூடியிருக்க மாட்டார்.

இந்த இடைவெளிகளை எங்கள் மாநிலம் எவ்வளவு அடைத்தது என்று பார்ப்பதுதான் என் தினசரி வேலை. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகமும் கவுண்டி கமிஷனர்கள் சங்கமும் உள்ளூர் அரசுகளும் சேர்ந்து ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதின. அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜாஷ் ஸ்டைன்தான் இன்று ஆளுநர். தேசியப் பேச்சுவார்த்தையிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இந்த ஒப்பந்தப்படி 15 சதவீதம் மாநிலத்துக்கு, அதை எப்படிப் பிரிப்பது என்று சட்டமன்றம் முடிவு செய்யும். மீதி 85 சதவீதம் 100 கவுண்டிகளுக்கும் 17 நகராட்சிகளுக்கும்.

பணம் வந்ததும் தனி நிதியாக வைக்க வேண்டும். பொதுக் கணக்கோடு கலக்கக் கூடாது. அடுத்து, செலவழிக்கும் முன்பே கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் குழு தீர்மானம் போட வேண்டும். அந்தத் தீர்மானம் ஒப்பந்தத்தின் பட்டியலில் எந்த இனத்துக்குச் செலவு என்று அதன் எண்ணையோ எழுத்தையோ குறிப்பிட வேண்டும், எவ்வளவு என்று சொல்ல வேண்டும், எந்தக் காலத்துக்கு என்றும் சொல்ல வேண்டும். இதெல்லாம் எழுத்தர் வேலை மாதிரி தெரியும். என்னைக் கேட்டால், ஒப்பந்தத்திலேயே கூர்மையான பகுதி இதுதான்.

ஏன் என்று காட்டுகிறேன். "ஓபியாய்டு நெருக்கடியை எதிர்கொள்ள 2,50,000 டாலர் ஒதுக்கப்படுகிறது" என்று ஒரு தீர்மானம் என் மேஜைக்கு வந்தால், அதன் கீழ் எந்த பில்லை வைத்தாலும் பொருந்தும். டி-ஷர்ட் அடித்த பில்லும் பொருந்தும், தலைமை அதிகாரி மாநாட்டுக்குப் போன பில்லும் பொருந்தும். அதையே "பட்டியல் ஏ, இனம் 8, போதை அளவு மீறி உயிர் தப்பியவர்களைச் சந்திக்கும் குழு, 2,50,000 டாலர், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை" என்று எழுதினால், ஒவ்வொரு பில்லையும் அந்த ஒரு வரியோடு ஒட்டிப் பார்க்க முடியும். ஒட்டாதது தனியாகத் தெரிந்துவிடும்.

ஒரு சிறிய கவுண்டியில் அப்படி ஒட்டாமல் நின்றது ஒரு வண்டி. ஃபென்டனைல் அளவு மீறி, அதை முறிக்கும் மருந்தான நலாக்சோனால் பிழைத்தவர் வீட்டுக்கு ஓரிரு நாளில் போய், சிகிச்சைக்கு வரச் சம்மதமா என்று கேட்கும் குழுவுக்காக அதை வாங்கியிருந்தார்கள். தீர்மானம் சரி, ஏல விதிகள் சரி, இன்வாய்ஸ் சரி. வண்டியின் மைலேஜ் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னோம். குழு வேலைக்குப் போனது வாரத்தில் ஒன்றிரண்டு நாள். மற்ற நாளெல்லாம் இரவு ரோந்து. கவுண்டியின் காவல் துறையான ஷெரிஃப் அலுவலகத்தில் யாரும் எதையும் மறைக்கவில்லை. வண்டி சும்மா நிற்கிறதே என்று எடுத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பட்டியலில் ரோந்து இல்லை. இப்படி ஒன்று தெரியவந்தால் கவுண்டிக்கு 60 நாள் அவகாசம். அதற்குள் அந்தத் தொகையை பட்ஜெட் திருத்தம் மூலமாகவோ திருப்பிச் செலுத்தியோ சரியான பணிக்குக் கொண்டுவர வேண்டும். செய்யாவிட்டால் அடுத்த தவணைகளில் அந்த அளவு குறைக்கப்படும். இந்தக் கவுண்டி பொதுக் கணக்கிலிருந்து வண்டியின் பெரும்பங்கைத் திருப்பிப் போட்டது. பெரிய தண்டனை இல்லை என்று தோன்றலாம். ஆனால் கமிஷனர்கள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்தத் திருத்தத்தை வாசிக்க வேண்டியிருந்ததே, அதுவே பக்கத்துக் கவுண்டிகளுக்கும் பாடமாகப் போய்ச் சேர்ந்தது.

ஏ பட்டியலில் மொத்தம் 12 இனங்கள். மெத்தடோன், ப்யூப்ரனார்ஃபின் என்ற மாற்று மருந்துகளைக் கொடுத்து நடத்தும் சிகிச்சை, நலாக்சோன் விநியோகம், சுத்தமான ஊசி தரும் மையங்கள், மீள்பவர்களுக்கு வீடும் வேலையும், சிறைக்குள் சிகிச்சை, விடுதலையாகி வருபவர்களுக்கு உதவி என்று போகும். கடைசி இரண்டையும் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பதுண்டு, "கைதிக்கா இந்தப் பணம்?" என்று. சிறையில் இருக்கும்போது உடம்பின் தாங்குதிறன் குறைந்துவிடும்; வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். விடுதலையான முதல் இரண்டு வாரங்கள் அவ்வளவு ஆபத்தானவை. இந்த 12க்கு வெளியே போக விரும்பும் கவுண்டி பி பட்டியலுக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன் பலதரப்பினரையும் உட்கார வைத்துத் திட்டமிட்டாக வேண்டும். பொறாமைப்படும்படியான ஏற்பாடு: நிரூபிக்கப்பட்ட வழிக்குப் பாதையைச் சுலபமாக்கி, மற்றதற்குக் கொஞ்சம் மேடு வைத்திருக்கிறார்கள்.

நிதியாண்டு முடிந்து 90 நாளுக்குள் செலவு அறிக்கையும் பலன் அறிக்கையும் போக வேண்டும். தீர்மானங்கள், திட்டங்கள், அறிக்கைகள் எல்லாம் கோர்-என்சி என்ற இணைய டாஷ்போர்டில் கவுண்டிவாரியாக ஏறிவிடும். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் காயத் தடுப்பு ஆய்வு மையமும் அதில் கைகோத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மற்ற மாநிலங்களில் இதே பணம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் இந்தக் கெடுபிடியின் அருமை தெரியும். நியூ ஜெர்சியின் இர்விங்டன் நகராட்சி 2023லும் 2024லும் ஓபியாய்டு விழிப்புணர்வு தினம் என்ற பெயரில் இசைக் கச்சேரிகள் நடத்தியது. அதில் 6,32,000 டாலருக்கு மேல் தவறாகச் செலவாகியிருக்கிறது என்று மாநிலத்தின் கணக்குக் கண்காணிப்பாளரான கம்ப்ட்ரோலரின் அலுவலகம் 2025ல் அறிக்கை வெளியிட்டது. கலைஞர்களுக்குச் சொகுசு டிரெய்லர், பாப்கார்ன் மெஷின், பஞ்சுமிட்டாய் மெஷின் எல்லாம் அந்தக் கணக்கில் இருந்தன. நகராட்சி அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் கவனித்தது வேறு. அறிக்கை வந்தபோது இரண்டு கச்சேரிகளும் முடிந்து பணமும் போயிருந்தது. செலவுக்குப் பின்னால் ஓடும் தணிக்கைக்கும், செலவுக்கு முன்னால் இனத்தின் எண்ணைக் கேட்கும் தீர்மானத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரிகிறது. அதே மாநிலத்தில் 2025ல் சட்டமன்றம் இந்தப் பணத்தில் 4.5 கோடி டாலரைப் பெரிய மருத்துவமனைக் குழுமங்களுக்கு பட்ஜெட்டிலேயே எழுதிக்கொடுத்தது. அட்டர்னி ஜெனரல் எதிர்த்தும் பயனில்லை.

ஒஹாயோ இன்னொரு ரகம். பணத்தில் 55 சதவீதம் ஒன்ஒஹாயோ என்ற தனியார் அறக்கட்டளையிடம் போகிறது. அது பொது அமைப்புக்குச் சமம், எனவே ஆவணங்களைக் காட்டியாக வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2023ல் தீர்ப்புச் சொன்னது. சில வாரங்களிலேயே சட்டமன்றம் பட்ஜெட் மசோதாவுக்குள் ஒரு பிரிவைச் செருகி அதற்கு விலக்கு கொடுத்துவிட்டது!

எங்கள் ஏற்பாட்டிலும் தணிக்கை எட்டாத இடங்கள் உண்டு. பணம் சொன்ன வேலைக்குப் போனதா என்று நான் பார்க்கிறேன். அந்த வேலையால் யாராவது பிழைத்தார்களா என்று பார்ப்பதில்லை. அது என் வேலையும் இல்லை. பலன் அறிக்கை இருக்கிறதே என்பீர்கள். அதில் பெரும்பாலும் எத்தனை நலாக்சோன் பெட்டி கொடுத்தோம், எத்தனை பேரைச் சந்தித்தோம் என்ற எண்ணிக்கைதான். நாடு முழுவதும் 2023ல் சுமார் 1,05,000 பேர் போதை அளவு மீறி இறந்தார்கள். 2024ல் அது ஏறக்குறைய 80,000 ஆகக் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் பணத்தை ஒழுங்காகச் செலவழித்த மாநிலங்களிலும் செலவழிக்காத மாநிலங்களிலும் குறைந்திருக்கிறது. அதனால் எந்தக் கமிஷனராவது "எங்கள் திட்டத்தால்தான்" என்று சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, செலவழிக்காமலே வைத்திருப்பது. அது விதிமீறல் இல்லை. 18 ஆண்டுப் பணம், நிதானமாகத் திட்டமிடுகிறோம் என்பார்கள். பாதி நியாயம்தான். ஆனால் மூன்றாவது ஆண்டும் இருப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால், காத்திருப்பது சிகிச்சைக்கு இடம் கிடைக்காதவர்தான். இதைக் குறையாக எழுத என் அறிக்கையில் இடமில்லை. கமிஷனர்களைக் கேட்கக்கூடியவர்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான்.

அதற்கு வழியும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இந்தப் பணத்தை எப்படிச் செலவழிக்கலாம் என்று கேட்பதற்காகக் கவுண்டி ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம் நடத்த வேண்டும். நான் போன கூட்டங்களில் பெரும்பாலும் சிகிச்சை நிறுவனங்களின் ஆட்கள்தான் நாற்காலிகளை நிரப்பியிருந்தார்கள். சொந்தமாகக் கேள்வி கேட்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். நம்மவர்கள் யாரையும் பார்த்ததில்லை. வேக் கவுண்டியில் வீடு வாங்கி, சொத்துவரி கட்டி, பிள்ளைகளை இங்கேயே பள்ளிக்கு அனுப்பும் கூட்டம் நாம். "இதெல்லாம் அவர்கள் பிரச்சினை" என்று ஒதுங்கி நிற்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் கைக்கு வரும் போலி மாத்திரையில் ஃபென்டனைல் கலப்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துக் கலப்பதில்லை.

போவதானால் கூட்டத்துக்கு முதல் நாள் டாஷ்போர்டில் உங்கள் கவுண்டியைத் திறந்து மூன்றை மட்டும் பாருங்கள்: வந்த தொகை, தீர்மானத்தில் ஒதுக்கிய தொகை, உண்மையில் செலவான தொகை. முதலுக்கும் மூன்றாவதற்கும் பெரிய இடைவெளி இருந்தால் அதைக் கேளுங்கள். புதிய திட்டம் என்று சொன்னால், போன ஆண்டு இதே வேலைக்கு வரிப்பணத்திலிருந்து எவ்வளவு போனது, இந்த ஆண்டு அது குறைந்ததா என்று கேளுங்கள். பதில் வாயால் வந்தால் போதாது. பட்ஜெட் பக்கத்தைக் கேளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் கவுண்டி கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் போதும். தீர்மானம், ஒப்பந்தம், பில் எல்லாமே பொது ஆவணம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் வட கரோலினா சட்டப்படி உங்களுக்கு இல்லை.