தோட்டத்துல வித்தியாசமான கல்லு கிடைச்சா உடனே சுத்தியலை எடுக்காதீங்க

நான் நிலவியல் துறையில வேலை பாக்குறேன். தோட்டத்துல குழி தோண்டும்போது கிடைச்சுது, என்னன்னு பாத்து சொல்லுங்கன்னு கல்லைத் தூக்கிட்டு வர்றவங்க நிறைய பேர். ஆனா அதுல பல கல்லு ஏற்கனவே உடைச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, சிலது ஆசிட்ல ஊறி வேற வரும், பாக்கும்போதே மனசு பதறும், ஏன்னா நாங்க முதல்ல பாக்குறதே அந்த மேல்தோலைத்தான்.

எல்லாரும் கேக்குறது இது விண்கல்லான்னு. பெரும்பாலும் இருக்காது. விண்கல் காத்துல எரிஞ்சு வரும்போது வெளிப்பக்கம் உருகி மெல்லிசா கருப்புத் தோல் ஒண்ணு படியும், ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தாலே அதிகம், அதைத் தேய்ச்சு எடுத்துட்டா முக்கியமான அடையாளமே போச்சு. கல்லு முழுக்க சின்னச் சின்னக் குமிழி ஓட்டை இருந்தா அது இரும்பு உருக்குன கசடாவோ எரிமலைக் கல்லாவோ இருக்க வாய்ப்பு அதிகம். டைல்ஸோட பின்பக்கம் பளபளப்பு இல்லாம இருக்கும்ல, அதுல கல்லோட ஒரு ஓரத்தை லேசா இழுத்துப் பாருங்க, செங்கல் நிறத்துல கோடு விழுந்தா ஹேமடைட், கருப்பா விழுந்தா மேக்னடைட், ரெண்டும் நம்ம பூமியோட இரும்புத் தாதுதான். இரும்பு இருக்கான்னு பாக்க கடையில விக்கிற பவர்ஃபுல் காந்தத்தை மட்டும் ஒட்டிப் பாக்காதீங்க ப்ளீஸ், பழைய காந்தப் பதிவு, அதாவது அந்தக் காலத்துக் காந்தப்புலத்தோட தடயம், அந்தக் கல்லுக்குள்ள இருந்தா அழிஞ்சிடும், திசைகாட்டியைப் பக்கத்துல கொண்டு போய் ஊசி ஆடுதான்னு பாத்தாலே போதும்.

அரிதா நிஜமாவே விண்கல்லா இருக்கும். ஜெர்மனில பிளாவ்பாய்ரன்ங்கிற ஊர்ல 1989-ல ஒருத்தர் வீட்டுத் தோட்டத்துல கேபிள் போடத் தோண்டும்போது 30 கிலோ கல்லு ஒண்ணு கிடைச்சுது, வருஷக்கணக்கா தோட்டத்துலயே வெயில்லயும் மழையிலயும் கிடந்து, 2015-ல தூக்கிப் போடவே இருந்தாங்க, நல்லவேளை போடல. 2020-ல தான் நிபுணர்கள்கிட்ட போச்சு, பாத்தா அந்த நாட்டுல கிடைச்ச கல் வகை விண்கற்கள்லயே பெரிசு! இங்கிலாந்துல வின்ச்கோம்ல 2021 பிப்ரவரி 28 ராத்திரி ஒரு வீட்டு வாசல்ல விழுந்ததை அந்தக் குடும்பம் மறுநாளே பையில எடுத்து வெச்சாங்க, மழை படாம கிடைச்சதால அதுக்குள்ள இருந்த தண்ணியைக் கூட ஆராய முடிஞ்சுது.

விண்கல் இல்லேன்னா வெறும் கல்லுன்னு நினைச்சிடாதீங்க. கற்காலத்துல செதுக்குன கோடாலியோ, எழுத்து வெட்டுன துண்டோ, எலும்புப் படிமமோ இருக்கலாம், அதுக்கெல்லாம் கிடந்த இடம் தெரியலேன்னா பாதி கதை போயிடும். அதனால நகர்த்துறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுங்க, எவ்வளவு ஆழம், கூட வேற என்ன இருந்துச்சு, மண்ணு என்ன நிறம்னு எழுதி வைங்க. மேலும் தோண்டவேண்டாம்.

துரு புடிச்சு, ஒரு முனை கூரா, அளவுக்கு மீறி கனமா இருந்தா தொடவே கூடாது, பழைய வெடிகுண்டா இருக்கலாம், எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிட்டு போலீஸுக்கு போன் பண்ணுங்க.

அப்புறம், போட்டோவைப் பாத்தே இது கோடி ரூபா போகும், சர்டிபிகேட்டுக்கு மட்டும் அட்வான்ஸ் அனுப்புங்கன்னு சொல்ற ஆளுங்களுக்குப் பதிலே போடாதீங்க. பக்கத்துல இருக்கிற மியூசியத்துக்கோ, காலேஜ் நிலவியல் துறைக்கோ காய்ஞ்ச கல்லோட போட்டோவும் எடையும் அனுப்புங்க, தண்ணி ஊத்தி எடுத்த போட்டோல நிறம் மாறித் தெரியும்.