மிட்ஃபீல்டரோட கழுத்தைப் பாருங்க

ஃபுட்பால் மேட்ச் பாக்கும்போது நம்ம கண்ணு பந்து பின்னாடியே ஓடிடும், அது இயல்புதான். ஆனா 90 நிமிஷத்துல ஒரு மிட்ஃபீல்டர், அதாவது மைதானத்தோட நடுப்பகுதில ஆடறவர், கால்ல பந்து இருக்கற நேரத்தை மொத்தமா கூட்டிப் பாத்தா சில நிமிஷம்தான் வரும். மீதி நேரம் முழுக்க அவர் பந்து இல்லாமதான் ஆடறார், அந்த நேரத்துல என்ன பண்றார்ங்கறதை வச்சுத்தான் அவரோட கரியர் எவ்வளவு தூரம் போகும்னு முடிவாகுது. 1985ல பிறந்த குரோஷியா மிட்ஃபீல்டர் லூகா மோட்ரிச் ரியல் மாட்ரிட்ல 13 சீசன் ஆடி முடிச்சுட்டு 2025ல இத்தாலிக்குப் போய் ஏசி மிலான்ல சேந்தார், அங்கதான் 40 வயசு ஆச்சு. இவ்வளவு வயசுக்கு அப்புறமும் எப்படி முடியுதுன்னு கேட்டா, பதில்ல பாதிதான் கால்ல இருக்கு, மீதி பாதி கழுத்துக்கு மேல இருக்கு.

முதல்ல கண்ணு. கண்ணு முன்னாடி இருக்கற எல்லாத்தையும் ஒரே தெளிவோட பாக்கறோம்னு நாம நெனச்சுட்டு இருக்கோம், உண்மை அப்படி இல்ல. கையை நேரா நீட்டி உங்க கட்டைவிரல் நகத்தைப் பாருங்க, அந்த நகம் அளவுக்குத்தான், சுமார் 2 டிகிரி, விழித்திரையோட ரொம்பத் தெளிவான பகுதி வேலை செய்யுது. அதைத் தாண்டிப் போகப் போக மங்கல்தான், அசைவு தெரியும், ஒரு ஆள் நிக்கறது தெரியும், ஆனா அவர் எந்தக் கால்ல எடை போட்டு நிக்கறார், எந்தப் பக்கம் கிளம்பப் போறார்ங்கறது சரியா தெரியாது. முதுகுக்குப் பின்னாடி சுத்தமா ஒண்ணுமே தெரியாது. டிஃபெண்டருக்கு ஆட்டம் பெரும்பாலும் முகத்துக்கு நேரா நடக்கும், மிட்ஃபீல்டருக்கு நாலாபக்கமும் நடக்கும். அதனால அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருக்கணும், வேற வழி கிடையாது.

இதை உக்காந்து எண்ணியே பாத்திருக்காங்க. நார்வேயைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட்ங்கற ஆராய்ச்சியாளர் பந்தை விட்டுட்டு பிளேயரோட தலையை மட்டும் வீடியோல பாத்து, பந்து கைக்கு, அதாவது காலுக்கு வர்றதுக்கு முந்தின சில செகண்ட்ல எத்தனை தடவை திரும்பிப் பாக்கறாங்கன்னு கணக்கு எடுத்தார். இங்கிலாந்தோட பிரீமியர் லீக் ஆட்களை வச்சு செஞ்ச ஆய்வுல மிட்ஃபீல்டர் ஃபிராங்க் லாம்பார்டுக்கு செகண்டுக்கு சுமார் 0.6 தடவைன்னு வந்துச்சு, அப்படின்னா 10 செகண்ட்ல ஆறு தடவை! அதிகமா திரும்பிப் பாத்தவங்களோட பாஸ் அதிகமா சரியான ஆளுக்குப் போய்ச் சேந்துச்சு, குறிப்பா முன்னாடி போற பாஸ்ல அந்த வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது. இதை வச்சு தலையை ஆட்டினாலே நல்ல பிளேயர் ஆயிடலாம்னு சொல்லிட முடியாது, நல்ல பிளேயரா இருக்கறதாலகூட அதிகமா பாக்கறாங்கன்னு இருக்கலாம். ஆனா ஏன் உதவுதுங்கறதுக்கு ஒரு சின்ன கணக்கு போதும்.

பாஸ் ஒண்ணு செகண்டுக்கு 15 மீட்டர் வேகத்துல 15 மீட்டர் தூரத்துல இருந்து வருதுன்னு வச்சுக்கங்க, உங்களுக்கு இருக்கறது ஒரே ஒரு செகண்ட். அந்த ஒரு செகண்ட்ல எதிர் டீம் ஆள் ஏழு மீட்டர் ஓடி வந்துடுவார். ஒரு விளக்கு எரிஞ்சா பட்டனை அமுக்குங்கற மாதிரி ரொம்ப சுலபமான வேலைக்கே மனுஷ மூளைக்கு சுமார் 0.2 செகண்ட் ஆகுது, நாலஞ்சு வழில எது நல்லதுன்னு தேர்ந்தெடுக்கணும்னா இன்னும் கூட ஆகும். ஆக பந்து வந்ததுக்கப்புறம் யோசிக்க ஆரம்பிச்சா முடிஞ்சுது கதை. நல்ல மிட்ஃபீல்டர் பந்து வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் நிக்கறார், பந்து வந்ததும் அவர் ஒரே டச்ல தட்டி விடறதைப் பாத்து நாம எவ்வளவு வேகமா யோசிக்கறார்னு வியக்கறோம், உண்மைல அவர் நமக்கு முன்னாடியே யோசிச்சு முடிச்சுட்டார்.

எப்ப பாக்கறதுங்கறதும் ஒரு கலைதான். ஒருத்தர் கால்ல இருந்து பந்து கிளம்பின உடனே அது எங்க போகும்னு ஓரளவு தெரிஞ்சுடும், வழில அது மாறாது, அந்த இடைவெளிதான் திரும்பிப் பாக்க சரியான நேரம். அடுத்தவர் பந்தைத் தொடப் போகும்போது கண்ணு திரும்ப பந்து மேல வந்துடணும், ஏன்னா அங்கதான் திசை மாறும். அதோட உடம்பையும் பாதி திருப்பி நிக்கறாங்க பாருங்க, ஒரு தோள் நம்ம கோல் பக்கம், இன்னொரு தோள் எதிர் கோல் பக்கம், அப்படி நின்னா கழுத்தை கொஞ்சம் அசைச்சாலே மைதானம் முழுக்க கண்ணுக்குள்ள வந்துடும். இதை சின்ன வயசுலயே பழக்கணும்னு நான் உறுதியா நம்பறேன், பெரியவனானப்புறம் பழக்கறது ரொம்ப கஷ்டம்.

சரி, அவ்வளவு வேகமா பாத்தா மூளைல எப்படி பதியும்? செஸ் ஆட்டக்காரங்களை வச்சு சேஸ், சைமன்னு ரெண்டு உளவியலாளர்கள் 1973ல வெளியிட்ட ஆய்வு இங்க உதவும். நிஜ ஆட்டத்துல வந்த நிலையை சில செகண்ட் காட்டிட்டு மறைச்சா, கைதேர்ந்தவர் பெரும்பாலான காய்களைச் சரியா அடுக்கிடறார், புதுசா ஆடறவர் தடுமாறறார். அதே காய்களை இஷ்டத்துக்குக் கலைச்சு வச்சுக் காட்டினா கைதேர்ந்தவரோட அந்த மேன்மை கிட்டத்தட்ட காணாமப் போயிடுது. அவருக்கு ஞாபகசக்தி அதிகம்ங்கறது விஷயமில்ல, தனித்தனி காயா பாக்காம கூட்டம் கூட்டமா, ஏற்கனவே பாத்த வடிவமா பாக்கறார். மிட்ஃபீல்டரும் அப்படித்தான், 21 பேரையும் ஒவ்வொருத்தரா அவர் எண்ணறதில்ல, இந்த மாதிரி ரைட் பேக், அதாவது வலது பக்க டிஃபெண்டர், மேல ஏறினா அந்தப் பக்கம் இடம் காலியாகும்னு ஒரு வடிவமா அவருக்குத் தெரியுது, அந்த வடிவம் வருஷக்கணக்கா ஆடி ஆடி சேந்தது.

இப்ப காலுக்கு வருவோம். மிட்ஃபீல்டர் ஒரு மேட்ச்ல 11, 12 கிலோமீட்டர் ஓடறார், பெரும்பாலும் டீம்லயே அதிகமா ஓடறவர் அவர்தான். அதுல பெரும்பகுதி நடையும் மெதுவான ஓட்டமும், நடுவுல நடுவுல திடீர் பாய்ச்சல். பாய்ச்சலுக்கு தசைல இருக்கற கிரியேட்டின் பாஸ்பேட்ங்கற எரிபொருள்தான் முக்கியம், முழு வேகத்துல போனா அது பத்து செகண்டுக்குள்ள பெரும்பாலும் காலியாயிடும், திரும்ப முழுசா நிரம்ப சில நிமிஷம் வேணும், அதை நிரப்பற வேலையை ஆக்சிஜன் செய்யுது. அதனாலதான் மாரத்தான்காரர் மாதிரி மூச்சு பலமும் வேணும் 100 மீட்டர் ஓட்டப்பந்தயக்காரர் மாதிரி வெடிப்பு வேகமும் வேணும்ங்கறாங்க, அடுத்த பாய்ச்சலுக்கு உங்களைத் தயார் பண்றதே முந்தின பாய்ச்சலுக்கு அப்புறம் வர்ற மூச்சுதான். இதுக்கெல்லாம் அடில கிளைகோஜன்னு தசைல சேத்து வச்ச சர்க்கரை இருக்கு. பெங்ட் சால்டின்ங்கற விஞ்ஞானி 1970கள்லயே காட்டிட்டார், கிளைகோஜன் குறைவா வச்சுக்கிட்டு மேட்ச்சுக்கு இறங்கினவங்க கம்மி தூரம்தான் போனாங்க, அதுலயும் பாதியை நடந்தே கடந்தாங்க. கடைசி 15 நிமிஷத்துல மிட்ஃபீல்டுல பெரிய பெரிய ஓட்டை விழறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வயசு இதுல எங்க கை வைக்குதுன்னா முதல்ல அந்த வெடிப்புல. வேகமா சுருங்கற தசை நார்கள் 30க்கு மேல மெல்ல மெல்ல பலம் இழக்குது, இதயத்தோட உச்ச துடிப்பும் குறையுது, 20 வயசுல நிமிஷத்துக்கு 200ன்னா 35 வயசுல தோராயமா 185. நிதானமா நீண்ட நேரம் ஓடற திறன் விடாம ட்ரெய்னிங் பண்றவங்களுக்கு மெதுவாத்தான் குறையுது. ஆனா அந்த வடிவங்களோட சேமிப்பு அப்ப குறையறதில்ல, வளந்துக்கிட்டே இருக்கு. மிட்ஃபீல்டரோட கரியர்னா இந்த ரெண்டு கோடும் எங்க வெட்டிக்குதுங்கறதுதான், ஒண்ணு இறங்குது, ஒண்ணு ஏறுது.

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் இத்தாலி மிட்ஃபீல்டர் ஆந்த்ரேயா பிர்லோ. ஆரம்பத்துல ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி ஆடற ஆள், 2001ல இன்டர் மிலான் கிளப்ல இருந்து லோன்ல, அதாவது தற்காலிகமா, பிரேஷா கிளப்புக்கு வந்தப்ப அந்த இடத்துல பெரிய நட்சத்திரமான ராபர்ட்டோ பாஜியோ இருந்தார், பாஜியோவை யாரு நகத்துவா? கோச் கார்லோ மட்சோனே பிர்லோவை டிஃபென்ஸுக்கு முன்னாடி கொண்டு போய் நிறுத்தினார். அந்த இடத்துல பந்து வாங்கும்போது ஆட்டம் பெரும்பாலும் முன்னாடி இருக்கும், எதிராளி ஓடி வர்றதுக்கு தூரம் அதிகம், அப்ப கால் வேகம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பார்வை இருந்தா போதும். அப்புறம் அவர் ஏசி மிலானுக்குப் போனார், 32 வயசுல மிலான் அவரை விட்டுடுச்சு, அவர் யுவென்டஸுக்குப் போனார், அந்த முதல் சீசன்லயே, 2011-12ல, யுவென்டஸ் லீக்ல 38 மேட்ச்லயும் தோக்காம கப் அடிச்சுது.

ஏசி மிலான்ல பிர்லோவை டிஃபென்ஸுக்கு முன்னாடி இருக்கற அந்த ஆழமான இடத்துலயே நம்பி ஆட வச்சவர் கோச் கார்லோ ஆன்செலோட்டி. அவரும் மிட்ஃபீல்டர்தான், முழங்கால் காயத்தால 1982 வேர்ல்ட் கப்பைத் தவற விட்டவர், கால் ஏமாத்தறதுன்னா என்னன்னு இளம் வயசுலயே தெரிஞ்சவர். ஐரோப்பிய கிளப்புகளுக்கான 2024 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ரியல் மாட்ரிட் பெஞ்ச்ல கோச்சா இருந்ததும் அவர்தான். கடைசி நிமிஷங்கள்ல 34 வயசு மிட்ஃபீல்டர் டோனி க்ரூஸ் கிளப்புக்கான தன்னோட கடைசி மேட்ச்ச முடிச்சுட்டு வெளிய வர்றார், இளரத்தம் யாராவது போவாங்கன்னு பாத்தா கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறது 38 வயசு மோட்ரிச், உள்ள போனார், மாட்ரிட் 2-0 ஜெயிச்சுது.