மாதிரி டாங்கிச் சண்டைக்கு எந்த ரேடியோ?

பத்து மாதிரி டாங்கிகள் ஒரே களத்தில் இறங்குகின்றன. பத்துப் பேர் கையிலும் ரேடியோ. ஒருவர் ஸ்டிக்கை அசைத்தால் அடுத்தவரின் டாங்கி ஏன் நகர்வதில்லை?

27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் நகர்ந்தது. அப்போதெல்லாம் ரேடியோவில் செருகும் படிகம்தான் அலைவரிசையைத் தீர்மானிக்கும். இருவரிடம் ஒரே படிகம் இருந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. முதலில் டாங்கிக்குள் இருக்கும் ரிசீவரையும் கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரையும் 'பைண்ட்' செய்கிறோம், அதாவது ஜோடி சேர்க்கிறோம். தன் ஜோடியின் அடையாள எண்ணை ரிசீவர் பதிந்துகொள்கிறது. பெரும்பாலான வகைகளில், பிறகு இரண்டும் ஒரே வரிசையில் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருக்கும். வேறொரு ரேடியோவோடு எங்காவது மோதினாலும் ஒரு துணுக்குச் செய்திதான் போகும். அடுத்த தாவலில் புதியது வந்துவிடும். நடிகை ஹெடி லாமரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் நீர்மூழ்கிக் குண்டுகளை வழிநடத்த இப்படியொரு தாவலைத்தான் யோசித்து, 1942-ல் காப்புரிமை பெற்றார்கள்.

சேனல்கள் எத்தனை வேண்டும்? முன்னே பின்னே போக ஒன்று, திரும்ப ஒன்று, பீரங்கிக் கூண்டு சுழல ஒன்று, குழல் ஏறி இறங்க ஒன்று. நான்கு கட்டாயம்; சுடுவதற்கும் விளக்குக்கும் தனி சுவிட்ச் வேண்டுமென்றால் ஆறு. அகச்சிவப்புச் சண்டையில் குண்டு ரேடியோவில் போவதில்லை. "சுடு" என்று நம் டாங்கிக்குச் சொல்வதோடு ரேடியோவின் வேலை முடிந்தது. எதிரியைத் தொடுவது குழலிலிருந்து பாயும் கண்ணுக்குத் தெரியாத ஒளி.

மாதிரி விமானத்துக்கான ரேடியோவை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அதில் வேகத்துக்கான ஸ்டிக் விட்ட இடத்திலேயே நிற்கும். டாங்கிக்கு அது ஆகாது. கையை எடுத்ததும் ஸ்டிக் நடுவுக்குத் திரும்ப வேண்டும். ஸ்டிக்கின் நிலையைப் பொறுத்து, ரிசீவர் ஒவ்வொரு சேனலிலும் அனுப்பும் மின்துடிப்பு 1 முதல் 2 மில்லிவினாடி வரை நீளும். நடுவில் உள்ள 1.5-தான் "நில்". ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவர ஸ்பிரிங் இருக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்துதான் வாங்க வேண்டும்.

ஆன்டெனாவும் முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம். ரிசீவர் கம்பியின் நுனியில் உறை நீக்கிய சுமார் 3 சென்டிமீட்டர்தான் அலையைப் பிடிக்கும் பகுதி. அதை உலோக உடலுக்குள் சுருட்டி வைத்தால் புதருக்குப் பின்னால் போன டாங்கி செவிடாகிவிடும். நுனியை பிளாஸ்டிக் பகுதிக்குள் உயரமாக நிமிர்த்தி வைக்க வேண்டும்.

தொடர்பு அறுந்தால் என்ன ஆகும்? என் பார்வையில், இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தராத ரேடியோ மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். பல கிலோ உலோகம் பார்வையாளர்களின் கால்களை நோக்கி ஓடும். 'ஃபெயில்சேஃப்' உள்ள ரிசீவரில், சிக்னல் போனால் வேகம் சுழியம் என்று முன்பே பதிந்துவைக்கலாம். சோதிப்பது எளிது: சங்கிலிப் பட்டைகள் தரையைத் தொடாதபடி டாங்கியை ஒரு கட்டையின் மேல் ஏற்றி, முழு வேகத்தில் ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். பட்டைகள் ஒரு நொடிக்குள் நின்றால் களத்துக்குக் கொண்டுபோகலாம்.