பால் வேறுபாடு: சுண்டெலிக்கு ஏது பாலினம்?

கதிர்வீச்சு பட்ட ஆண் சுண்டெலிக்கும் பெண் சுண்டெலிக்கும் நினைவாற்றல் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. இதைத் தமிழில் எழுதும்போது பலரும் ‘பாலின வேறுபாடு’ என்றே போட்டுவிடுகிறார்கள். பாலினம் என்பது சமூகமும் அடையாளமும் சேர்ந்த சொல். சுண்டெலிக்கு இருப்பது உடல்கூறு சார்ந்த பால் மட்டுமே. ஆகவே ‘பால் வேறுபாடு’ என்பதே பொருத்தம்.

‘பால்’ என்பதற்குப் பகுப்பு என்று பொருள். ‘பகு’ என்பதே வேர் என்பார்கள். அறத்துப்பால், பொருட்பால் என்பதில் இருப்பதும் இந்தப் பால்தான். ‘செக்ஸ்’ என்பதன் மூலமான லத்தீன் ‘செக்ஸுஸ்’ என்ற சொல்லையும் வெட்டு, பிரி என்ற பொருளுள்ள வினையோடு இணைப்பவர்கள் உண்டு.

தொல்காப்பியத்தின் ஐம்பாலில் ஆண்பால், பெண்பால் இரண்டும் உயர்திணைக்கு மட்டும். அஃறிணையில் ஒன்றா, பலவா என்பதுதான் கணக்கு. களிறும் ‘வந்தது’, பிடியும் ‘வந்தது’. ஆய்வுக்கூடங்கள் இதைவிட மோசம். பெண் எலியின் இனப்பெருக்கச் சுழற்சி முடிவைக் குழப்பும் என்று சொல்லி, ஆண் எலிகளை மட்டும் சோதித்துவிட்டு ‘எலிகளில் இப்படி’ என்று பொதுவாக எழுதிய காலம் நெடியது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், 2016 முதல், தம்மிடம் நிதி கேட்பவர்கள் பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றன.

கணக்கில் எடுத்தால் என்ன தெரிகிறது? 2018இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகக் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. விண்வெளிக் கதிர்வீச்சைப் போன்ற ஒரு கலவையை, அரை கிரேக்கு (கிரே என்பது உடலில் ஏறும் கதிர்வீச்சின் அலகு) மேற்படாமல், சுண்டெலிகள் மேல் செலுத்தியிருந்தார்கள். பொதுவாகச் சுண்டெலி பழகிய பொருளை விட்டுப் புதிய பொருளைத்தான் போய் மோந்து பார்க்கும். கதிர்வீச்சு பட்ட ஆண்களிடம் இந்த அடையாளம் காணும் நினைவு மங்கியிருந்தது. பதற்றம் கூடி, மற்ற எலிகளோடு பழகுவதும் குறைந்திருந்தது. பெண்களிடம் இந்தக் குறைகள் தென்படவில்லை. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா ஆண்களிடம் கிளர்ந்திருந்ததைக் காரணமாகச் சுட்டினார்கள்.

சரி, அப்படியானால் பெண்ணுக்குக் கதிர்வீச்சு பயமே இல்லையா? அப்படியில்லை. அளவும் எலி வகையும் மாறினால் முடிவும் மாறலாம். புற்றுநோய்க் கணக்கோ தலைகீழ்: கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் ஆபத்து பெண்களுக்கு அதிகம் என்று கணக்கிட்டு, நாசா முன்பு பெண் விண்வெளி வீரர்களுக்குத்தான் குறைந்த கதிர்வீச்சு வரம்பு வைத்திருந்தது. 2022இல்தான் எல்லோருக்கும் பணிக்காலம் முழுவதற்கும் 600 மில்லிசீவர்ட் (உடலுக்கு நேரும் பாதிப்பை வைத்துக் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று ஒன்றாக்கியது.

அப்புறம் ஒரு சிக்கல். தலைப்பில் ‘எலிகளில் பால் வேறுபாடு’ என்று மட்டும் போட்டால் குடிக்கிற பால் என்று படிப்பவர்களும் இருப்பார்கள். அங்கே ‘ஆண்-பெண் வேறுபாடு’ என்று எழுதிவிடலாம்.