புகை மெஷினை அணையுங்கள், பொற்கொல்லனைப் பேச விடுங்கள்

ஆண்டு விழா சீசனில் எனக்கு வரும் போன்களில் ஒரு ரகம் உண்டு. "சார், இந்த வாட்டி இலக்கிய மன்றத்துக்குப் புதுசா பண்ணுவோம். பிள்ளைங்க கதைக்குள்ள நடந்து போற மாதிரி. லைட்டு, புகை, சவுண்டு எல்லாம் சொல்லியாச்சு. நீங்க வந்து டைரக்‌ஷன் மட்டும் பாத்தா போதும்." எல்லாம் சொல்லியான பிறகு நான் எதற்கு என்று கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வேன். போன மாதம் பார்த்ததற்குப் பிறகு அடக்க மனமில்லை.

கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டத்தில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். சிலப்பதிகாரத்துக்காக மாடியில் இரண்டு வகுப்பறைகளைக் கறுப்புத் துணியால் மூடி 'மதுரை' ஆக்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு வரிசையாக உள்ளே போனது. வெட்டி வெட்டி எரியும் விளக்கு, கல்யாண மண்டபத்தில் வாடகைக்குப் பிடித்த புகை மெஷின், ஆளுயர ஸ்பீக்கர். கண்ணகி வேடம் போட்ட பிள்ளை தொண்டை கிழியக் கத்தியது. கதவை வெளியே தாழ் போட்டிருந்தார்கள். கேட்டால், "நடுவில யாராவது வெளிய வந்தா சஸ்பென்ஸ் போயிரும்." ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு மாடி ஏற வழியில்லை. "வீடியோ எடுத்துக் காட்டுறோம்" என்று சொல்லி வராண்டாவில் விட்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து வந்தவர்களிடம் மெதுவாகக் கேட்டேன், கோவலனை ஏன் கொன்றார்கள் என்று.

"சிலம்ப களவாண்டதுக்கு" என்றான் ஒருவன். பக்கத்தில் நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

இத்தனை செலவுக்குப் பிறகு, கோவலன் கள்ளன் என்று நம்பிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். ராணியின் சிலம்பைத் தானே திருடிவிட்டுக் கோவலன் மேல் பழி போட்ட பொற்கொல்லன் ஜெயித்துவிட்டான்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருட்டும் புகையும் போட்டால் பிள்ளை கதைக்குள் போய்விடும் என்று யார் சொன்னது? பேய் வீட்டுக்குள் கூடத்தான் போகிறோம். பயந்து கத்திவிட்டு வெளியே வருகிறோம், உள்ளே என்ன கதை நடந்தது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பிள்ளையின் உடம்பைச் சுற்றி மதுரையைக் கட்டுவது தச்சருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் உள்ள வேலை. அந்த மதுரையில் அவனுக்கு ஒரு பொறுப்பு கொடுத்து, ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் நாடகக்காரன் வேலை. கண் எதிரே நடப்பதில் தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தால் பட்டப்பகலில், புளியமரத்தடியில், சீருடையோடு நின்றுகூடப் பிள்ளை கதைக்குள் போய்விடும். தெரியாவிட்டால் லட்ச ரூபாய் செட்டுக்குள்ளும் அது கொட்டாவிதான் விடும். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் பார்க்க வந்தவர்களையே எழுப்பிக் காட்சிக்குள் நிறுத்தினார். இங்கிலாந்தில் டாரதி ஹீத்கோட், ஆசிரியரே ஒரு வேடத்தை ஏற்று வகுப்புக்குள் நுழையும் முறையை வளர்த்தார். இரண்டு பேருக்கும் புகை மெஷின் தேவைப்படவில்லை.

நம் ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வரவேண்டிய அவசியமும் இல்லை. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த மாவட்டம் இது. அண்ணாவி ஒரு வரி பாட, பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு இடைமறித்துக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி கூட்டம் கேட்க நினைத்த கேள்வி. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை. இவ்வளவுதான் செட்டு. கண் தெரியாதவரும் கதை முழுவதையும் கொண்டு போகலாம்.

சரி, சிலம்புக்கு வருவோம். கண்ணகி பாண்டியன் அவையில் வழக்காடும் வழக்குரை காதையில் நான் தொடங்குவதில்லை. எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், கத்துவதற்கு வசதி என்று. நான் எடுப்பது கொலைக்களக் காதை. பாண்டியன் சொன்ன உத்தரவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தேவியின் காற்சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் கொன்று சிலம்பைக் கொண்டுவா என்கிறான். உத்தரவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சரிபார்க்க வேண்டியவர்கள் ஊர்க்காவலர்கள். அவர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்ததும், இவனுடைய இலக்கணத்தைப் பார்த்தால் கொலைக்குரியவன் இல்லை என்று சொல்லியும் விடுகிறார்கள்! இளங்கோ அதை எழுதி வைத்திருக்கிறார். பாதிப் பேருக்கு இந்த இடமே தெரியாது. கைடில் இல்லையே.

அப்புறம் பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு வாயைத் திறக்கிறான். கள்வர் தொழிலுக்குத் துணை எட்டு என்று பட்டியல் போடுகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. தூதனாக வேடமிட்டு வந்து இளவரசன் கழுத்து ஆரத்தைக் கொண்டுபோன ஒருவன் கதையையும் சொல்கிறான். அதைக் கேட்டதும் காவலரில் ஒரு இளைஞன், மழைக்கால நடுராத்திரியில் கையில் உளியோடு நீலத்துணி கட்டி வந்த கள்ளனிடம் தன் வாளையே பறிகொடுத்த கதையை எடுத்துவிடுகிறான். இவர்கள் வேலை லேசுப்பட்டதில்லை, அரசன் நம்மை விடமாட்டான், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள் என்று கூட இருக்கிறவர்களைக் கேட்கிறான். அடுத்த வரியில் கல்லாக் களிமகன் ஒருவன், அதாவது படிப்பறிவில்லாத குடிகாரன், வாளை வீசிவிடுகிறான்.

அந்தக் கேள்விக்கும் அந்த வாளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. என் நாடகம் முழுக்க அங்கேதான்.

வகுப்பு மொத்தமும் ஊர்க்காவலர். தரையில் வட்டம். நடுவில் காலியாக ஒரு முக்காலி, மேலே மடித்த மேல்துண்டு. அதுதான் கோவலன். எந்தப் பிள்ளையையும் கோவலனாக உட்கார வைக்கமாட்டேன், வாள் என்று ஒரு பொருளே கிடையாது. பொற்கொல்லன் நான். அல்லது தமிழாசிரியர். ஆசிரியர் செய்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அவர் சொன்னதைக் கேட்டே பழகிய பிள்ளைகள் அன்றைக்கு அவரைச் சந்தேகப்பட வேண்டியிருக்கும். செய்யுள் வரிகளைத்தான் பேசுவேன், உரைநடையாக்கிக் கரைத்துக் கொடுப்பதில்லை. முதல் தடவை புரியாது. புரியவேண்டாம். மூன்றாம் தடவை, முகத்தையும் குரலையும் வைத்தே "இந்த ஆளு நம்மள ஏச்சிட்டிருக்கான்" என்று யாராவது முணுமுணுக்கும். அங்கே நிறுத்திவிட்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று வட்டத்தைக் கேட்பேன்.

விளவங்கோடு பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஒருமுறை எழுந்து சொன்னாள்: "ராணிக்க மத்தக் காலுச் சிலம்ப கொண்டு வந்து ஒத்துப் பாத்தா தீந்துதுல்லா சார். இதுக்கு எதுக்கு கொல்லணும்?" வழக்குரை காதையில் கண்ணகி கேட்கப்போவதும் ஏறக்குறைய இதைத்தான். உன் சிலம்பில் என்ன பரல், என் சிலம்பில் என்ன பரல் என்ற விசாரணை. பாண்டியன் தன்னுடையது முத்து என்கிறான், உடைத்தால் மாணிக்கம் தெறிக்கிறது. இதை இரண்டு நாள் கழித்துப் படித்தபோது அந்த வகுப்புக்கு யாரும் உரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோபத்தில் ஊரைக் கொளுத்தின பொம்பளை என்று அதுவரை நினைத்திருந்தவர்கள், அவள் ஆதாரத்தோடு வந்து வழக்காடியிருக்கிறாள் என்று தாங்களாகவே கண்டுகொண்டார்கள்.

இப்போது அடுத்த எரிச்சல். "மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு ஷோ போட்டுருவோமா சார்?" போடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைச் சொல்கிறது. 21 ஷோ போடுவீர்களா? முதலிலேயே எல்லோருக்குமாக யோசித்தால் ஒரே ஷோ போதும், அது மற்றப் பிள்ளைகளுக்கும் நல்ல ஷோவாகவே இருக்கும்.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. என் பையில் இரண்டு சிலம்புகள் இருக்கின்றன. ஒன்றில் சின்னக் கூழாங்கல், மற்றதில் பாசிமணி. பார்வை இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் முதலில் செய்தேன், கையில் வாங்கிக் குலுக்கிப் பார்க்கட்டும் என்று. ஒரு பள்ளியில் அரண்மனைக் காட்சியில் பார்வையற்ற மாணவி ஒருத்தி கையை நீட்டிச் சிலம்பை வாங்கிக் காதருகே வைத்து, "இது அந்த ஆளு கையில கெடந்ததுதான். ராணிக்குள்ளது இல்ல" என்றாள். மற்ற அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். காது கேளாத பையன் உள்ளங்கையில் வைத்து அதிர்வைப் பிடித்தான், அவனும் வித்தியாசத்தைச் சரியாகச் சொன்னான். வழக்கைத் தீர்க்கும் சாட்சி அந்தச் சிலம்பு. அது எல்லோர் கைக்கும் போகவேண்டாமா?

செய்யப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெட்டி எரியும் விளக்கு கூடவே கூடாது, வலிப்பு வரும் பிள்ளை வகுப்பில் இருக்கலாம், வீட்டார் சொல்லாமலும் இருந்திருக்கலாம். புகையும் வேண்டாம், வீசிங் உள்ளவர்களை நினையுங்கள். கதவைத் தாழ் போடுகிறவரை நான் மன்னிப்பதில்லை. யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம், திரும்பி வரலாம் என்று முதலிலேயே சொல்லி, பக்கத்தில் சத்தமில்லாத ஒரு மூலையைக் காட்டிவிடுங்கள். என்ன நடக்கும், எப்போது சத்தம் வரும், யார் கிட்டே வருவார் என்பதை முந்தின நாளே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சஸ்பென்ஸ் ஒன்றும் போகாது. கர்ணன் சாவான் என்று தெரிந்துதானே விடிய விடியக் கூத்துப் பார்க்கிறார்கள்?

தரைத்தளத்தில் போடுங்கள். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும், அளந்து பாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று ஆசைப்படுகிறவர்கள் அந்தச் செங்குத்தான மரப்படிகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். தகரக் கொட்டகையும் வேண்டாம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மழை பிடித்தால் காது கேட்கிறவனுக்கே ஒன்றும் கேட்காது.

சைகை மொழிபெயர்ப்பாளருக்குச் செய்யுளை ஒரு வாரம் முன்னாலேயே கொடுங்கள். அன்று காலையில் தாளை நீட்டினால் இளங்கோவே வந்தாலும் சைகை செய்ய முடியாது. அவர் மேல் வெளிச்சம் விழவேண்டும். பேசும்போது முதுகைக் காட்டாதீர்கள், உதட்டைப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. காதுக்கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும், அதனால் வசனத்தின் மேல் மேளம் அடிக்காதீர்கள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பள்ளி ஒன்றில் நெய்தல் பாட்டுக்கு ஸ்பீக்கரில் அலைச்சத்தம் போட்டார்கள். ஜன்னலைத் திறந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். புருஷனைப் பறிகொடுத்த கண்ணகி அழுது புலம்பும் இடத்தை எந்தப் பிள்ளை தலையிலும் கேட்காமல் கட்டாதீர்கள். "நல்லா அழுவா சார், அவளப் போடுவோம்" என்று சொல்லாதீர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து போன கடற்கரை இது. கடலுக்குப் போன அப்பா திரும்பாத வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு உயர்நிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். உடம்பு கூட வராத ஒரு சாவு அவர்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல முழு உரிமை கொடுங்கள், காரணம் கேட்காதீர்கள். அந்தப் பகுதியை நான் பெரும்பாலும் குழுவாகப் படிக்க வைத்துவிடுவேன், யார் குரலும் தனியாகத் தெரியாது.

முடிந்ததும் கைதட்டிக் கலைந்துவிடாமல் அதே இடத்தில் உட்கார்ந்து பாட்டை இன்னொரு தடவை வாசியுங்கள், புத்தகம் கையில் இருக்கட்டும். நேரம் இல்லையென்றால் ஒரு காட்சியைக் குறையுங்கள், வாசிப்பைக் குறைக்காதீர்கள்.

என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கு: ஒரு நாள் முன்னால் இடம் பார்க்க வருவேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரும் அன்று இருக்கவேண்டும். எனக்கு முதலில் பேச வேண்டியது அவரிடம்தான். சவுண்டு சர்வீஸ்காரருக்கு அதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.