ஊக்கமருந்து: சொல்லும் அதன் கணக்கும்

யாழ்ப்பாணத்தில் ‘ஊக்கம்’ நல்ல சொல். புலம்பெயர்ந்த ஊரவர் அனுப்பும் காசு பள்ளிப் பிள்ளைக்கு ‘ஊக்கத்தொகை’ ஆகிறது. வள்ளுவரும் ‘ஊக்கமுடைமை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதன் பின்னால் ‘மருந்து’ வந்து ஒட்டினால் மட்டும் பதக்கம் பறிபோகிறது.

ஆங்கிலத்தில் இது ‘டோப்பிங்’. வேர் ஒல்லாந்தர் மொழி. நமக்குக் கந்தோரையும் துட்டையும் தந்த அதே மொழிதான். அங்கே ‘டோப்’ என்றால் தோய்த்துச் சாப்பிடும் குழம்பு. அமெரிக்காவில் அது கெட்டியான அபின் கலவைக்குப் பெயராகி, பந்தயக் குதிரைக்குக் கொடுத்த மருந்தையும் குறித்து, கடைசியில் மனிதரிடம் வந்தது. தென்னாபிரிக்காவின் ‘டொப்’ என்னும் சாராயம்தான் மூலம் என்போரும் உண்டு. எனக்குக் குழம்புக் கதைதான் பிடிக்கும்.

நம் பத்திரிகைகள் ‘ஊக்கமருந்துப் பாவனை’ என்று எழுதுகின்றன. சரி, ஆனால் போதாது. தன் இரத்தத்தையே எடுத்து வைத்திருந்து போட்டிக்கு முன் ஏற்றிக்கொள்வதும் தடை. அது மருந்தே இல்லை. சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க மறுப்பதும் குற்றம். ‘மோசடி’ என்று எழுதலாமா? அறியாமல் தடிமன் மருந்து குடித்தவரும் கள்ளனாகிவிடுவார். ‘ஊக்கமருந்து விதிமீறல்’ என்பதே பொருந்தும். தீர்ப்பு வரும்வரை அதுவும் வெறும் ‘குற்றச்சாட்டு’. இரண்டாகப் பிரித்து வைத்த சிறுநீரில் முதல் மாதிரியின் முடிவு வந்தவுடனேயே ‘சிக்கினார்’ என்று தலைப்புப் போடுவது அவசரம்.

இரண்டு ஊக்கங்களும் ஒரே ஆளிடம் சேர்ந்த கதை அமெரிக்கச் சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குடையது. 1996இல் புற்றுநோய், 1997இல் புற்றுநோயாளிகளுக்காக ஓர் அறக்கட்டளை. 2004இல் அதன் நிதிக்காக விற்ற ஒரு டொலர் மஞ்சள் கைவளையம் உலகெங்கும் பரவியது. சந்தேகம் எழுப்பியவர்களிடம், ‘நோயாளிகளுக்கு இவ்வளவு செய்தவரையா சொல்கிறீர்கள்?’ என்று அவருடைய ரசிகர்கள் சண்டைக்குப் போனார்கள். 2012இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டத்தில் வென்ற ஏழு பட்டங்களும் போயின. 2013 ஜனவரியில் ஊக்கமருந்து எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார். அப்புறம் சனங்கள் மறுபக்கம் சாய்ந்தார்கள்: அறக்கட்டளையும் பொய்யாம்! நோயாளிக்குக் கிடைத்த உதவி கிடைத்ததுதான். அதைக் காட்டிப் பட்டத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதும் அவ்வளவே உண்மை.

ஏனென்றால் பட்டத்தின் கணக்கில் எதிர்ப்பக்கம் நிற்பவர் நோயாளி இல்லை, பின்னால் ஓடி வந்தவர். சிட்னி 2000இல் 200 மீற்றரில் நம் நாட்டுச் சுசந்திகா ஜயசிங்கவுக்கு வெண்கலம். முதலில் வந்த அமெரிக்க வீராங்கனை மரியன் ஜோன்ஸ், ஊக்கமருந்து எடுத்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். வெண்கலம் வெள்ளியாக மாற 2009 ஆகிவிட்டது.